கழுத்து உடைத்த போத்தல்கள்

கலியாண விருந்துக்கு வந்த ஒரு மனுசன் விஸ்கிக் கிளாசை மேசையில் வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் தகப்பனிடம், "அண்ணை, போத்தல் நல்ல போத்தல்தான், உள்ளுக்கு இருக்கிறதுதான் வேற" என்று சொன்னானாம். பேந்து மாப்பிள்ளை வீட்டார் எழும்ப, பெண் வீட்டார் எழும்ப, கேக் வெட்ட மேடையில் ஆள் இல்லையாம். எனக்குக் கோயிலில் வைத்துச் சொன்னார்கள், றஞ்சி. நீ அங்கே தட்டுத் தூக்கிக்கொண்டு நின்றாய் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பக்கத்துக் கதவில் இருக்கிற பிள்ளை, மண்டப வேலைக்குச் சேர்ந்து ஒரு கோடைகாலமே முடிந்துவிட்டது, எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பரவாயில்லை. உன்னோடு வேலை செய்கிற பிள்ளைகளையும் கூட்டி வந்தது நல்லது. தேத்தண்ணி இருக்கிறது, வடை நேற்றையது, சூடாக்கித் தருகிறேன்.

நானும் முந்தி வேறொரு மண்டபத்தில்தான் வேலை செய்தேன். முழங்கால் இனி ஏலாது என்று சொல்லும்வரை செய்தேன். முதலில் கோப்பை கழுவினேன். பிறகு, பாருக்குப் பின்னால் வெறும் போத்தல்களைப் பார்க்கிற வேலையைத் தந்தார்கள். பார்க்கிற வேலை என்றால் உடைக்கிற வேலை. அதைப்போல ஒரு சந்தோசமான வேலை எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. மற்றவர்கள் பூவையும் கடதாசியையும் கூட்டி அள்ள, நான் போத்தலைத் துவாயால் சுற்றிச் சுத்தியலால் ஒரு தட்டு. மருமகளை நினைத்து ஒரு தட்டு, பெப்ரவரி மாதக் குளிரை நினைத்து ஒரு தட்டு. வீட்டுக்கு வரும்போது மனம் வெறுமையாக, லேசாக இருக்கும்.

எனக்கு எழுத்து வராது, உங்களுக்குத் தெரியும். போத்தலின் உருவத்தைப் பார்த்துத்தான் இது இன்னது என்று சொல்வேன். ஆனால் சந்தேகம் நன்றாக வரும். கடையில் இப்போதுதான் வாங்கிய பாலையும் மணந்து பார்க்காமல் ஊற்றமாட்டேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சந்தேகப்படுகிற ஆளுக்கு நாள் முழுக்க ஒரு பொழுதுபோக்கு இருக்கிறது.

ஏன் உடைக்க வேண்டும் என்று நான் கேட்டது பாரில் நின்ற ஒரு வயதான பிரெஞ்சுக்காரரிடம். அவர் முந்தி லசால் பக்கம் விஸ்கி வடிக்கிற ஒரு தொழிற்சாலையில் இருந்தவர். "எங்கட வீட்டில இப்பிடி ஒரு போத்தல் கிடைச்சா, கழுவி நல்லெண்ணெய் விட்டு வைப்பம்" என்று சைகையால் காட்டினேன். அவர் கையை உதறிவிட்டுக் கதை சொல்லத் தொடங்கினார். பாதி பிரெஞ்சு, பாதி இங்கிலிஷ், மிச்சம் கை. எனக்கு விளங்கியதை உங்களுக்குச் சொல்கிறேன். சொன்னதை நானும் அப்படியே நம்பவில்லை. பேத்தியிடம் போனில் தேடிப் பார்க்கச் சொல்லி, அவள் ஓம் என்ற பிறகுதான் நம்பினேன்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் விஸ்கி பீப்பாவோடுதான் கடைக்குப் போகுமாம். கடைக்காரன் அதற்குள் தண்ணீர் விடுவான். நிறத்துக்குப் புகையிலைச் சாறு விடுவான். காரத்துக்கு என்ன விடுவான் என்று கேட்காதீர்கள், தேத்தண்ணி குடிக்கிறோம். குடித்தவன் படுத்துவிட்டால் கெடுவது வடித்தவனின் பெயர். கடைசியில் வடிக்கிறவர்களே போய், எங்களுக்கு ஒரு சட்டம் போடுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்டார்களாம். களஞ்சியத்துக்கு இரண்டு பூட்டு. ஒரு திறப்பு முதலாளியிடம், மற்றத் திறப்பு அரசாங்கத்திடம். போத்தலின் கழுத்துக்குக் குறுக்கே ஒரு ஒட்டு. அது கிழியாமல் இருந்தால் உள்ளே இருப்பதற்கு அரசாங்கம் சாட்சி. வாங்குகிறவனுக்கு, உள்ளே இருப்பது வெளியே எழுதிய பெயர்தான் என்று ஒரு நாடு பொறுப்பு நின்றது அப்போதுதான் தொடங்கியது என்றார். இன்றைக்குத் தமிழ்க் கடையில் மிளகாய்த்தூள் பைக்கற்றில் பெயர் போட்டு ஒட்டி விற்கிறார்களே, அதற்கெல்லாம் விஸ்கிதான் தகப்பன் என்பது அவருடைய கணக்கு.

எது விஸ்கி, எது விஸ்கி இல்லை என்று அங்கே ஒரு ஜனாதிபதியே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்ததாம். இந்த நாட்டில் என்றால் சின்ன மரப் பீப்பாவில் மூன்று வருசம் கிடக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அந்தப் பெயரைச் சொல்லலாமாம். நான் அவரிடம் சொன்னேன், எங்களுக்கு இந்த நாட்டில் இருக்கப் பேப்பர் வர அதைவிடக் கனகாலம் எடுத்தது, எங்களை எந்தப் பீப்பாவில் போட்டார்களோ தெரியாது என்று. மனுசன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

இன்னொன்று சொன்னார், அது எனக்கு மிகவும் பிடித்தது. பீப்பா வருசக்கணக்காகக் களஞ்சியத்தில் படுத்திருக்கும்போது முதலாளி எதைச் சாப்பிடுவான்? களஞ்சியக்காரன் ஒரு கடதாசித் துண்டு எழுதிக் கொடுப்பான். துண்டை வைத்திருப்பவன் பீப்பாவுக்குச் சொந்தக்காரன். அதை விற்கலாம், வங்கியில் அடைவு வைக்கலாம். பீப்பா அசையாது, துண்டுதான் ஊர் சுற்றும். எங்கள் நகை அடைவுத் துண்டைப் போல. அதற்குள்ளும் ஒரு பீப்பாவுக்கு இரண்டு துண்டு எழுதி விற்ற கெட்டிக்காரர்கள் இருந்தார்களாம். அவர்களைப் பிடிக்கப்போய்த்தான் கோதுமைக்கும் பருத்திக்கும் இருந்த துண்டுச் சட்டங்களும் இறுகினவாம். கள்ளன் இல்லாவிட்டால் சட்டத்துக்கு வேலை இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் போத்தலின் கழுத்தைப் பிடித்துக் காட்டினார். சட்டம் இங்கேதான் இருக்கிறது. கழுத்து முழுசாக வெளியே போனால் பெயர் வெளியே போகிறது, யாரும் அதற்குள் எதையும் ஊற்றலாம். அன்றிலிருந்து கழுத்து முழுசாக ஒரு போத்தலும் என் கையால் வெளியே போகவில்லை. பிறகு அவர் ஓய்வெடுத்துக்கொண்டு போனார். பாரை முதலாளியே பார்க்கத் தொடங்கினார்.

முதலாளி எங்கள் ஆள். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். அவர் பாரை எடுத்ததும் செய்த முதல் வேலை, உயரத் தட்டில் வடிவான வெறும் போத்தல்களை வரிசையாக வைத்ததுதான். அந்த விலை கூடிய விஸ்கி, தோள் அகன்ற போத்தல். "சும்மா ஷோவுக்கு அக்கா, ஒருத்தரும் தொட வேண்டாம், தூசும் தட்ட வேண்டாம்" என்றார். தூசு தட்ட வேண்டாம் என்று சொன்ன முதலாளியை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. மனதில் ஒரு பக்கம் வைத்துக்கொண்டேன்.

ஜெசிந்தா வந்தது அந்தக் காலத்தில்தான். மன்னார்ப் பிள்ளை. அகதி வழக்கு விசாரணைக்குக் காத்திருந்தாள். நாங்கள் இருக்கிற இந்தக் கோட்-டெ-நெய்ஜிலேயே ஒரு நிலக்கீழ் அறையில் மகளோடு இருந்தாள். வாய்க்காரி, ஆனால் கள்ளமில்லை. ஒருநாள் நான் சுத்தியலைத் தூக்கக் கையைப் பிடித்தாள்.

"அக்கா, உந்தத் தோள் அகன்ற போத்தலுகளை உடைக்காதேங்கோ. அந்தோனி அண்ணை மாதா திருநாளுக்கு விளக்குச் செய்யப்போறாராம்."

"எந்த அந்தோனி?"

"எங்கட கோயில் அந்தோனி அண்ணை. ரொக்ஸ்பரோவில இருக்கிறவர். அவர் நல்ல மனுசன்."

"கோயிலில கள்ளர் இல்லையோ?"

"நீங்க கும்பிடுற கோயிலில இருக்கினம் போல."

அந்தப் பதிலுக்காகவே ஓம் என்றேன். ஆனால் ஒரு நிபந்தனை. கழுத்தை நான் உடைத்துத்தான் தருவேன். அடியை எடுத்துக்கொள், எண்ணெய் விட்டு விளக்கேற்ற அடி போதும். அவள் முதலாளியிடம் கேட்டாள், அவரும் கொண்டு போகட்டும் என்றார்.

அந்தோனி அண்ணை ஒருநாள் வான் வண்டியில் வந்து பின்கதவில் நின்றார். கையில் நான் உடைத்த போத்தல் ஒன்று.

"அக்கா, இது பல்லுப் போன வாய் மாதிரி இருக்கு. முழுசாத் தாங்கோ, நான் கயிறு கட்டிச் சூடாக்கி வடிவா வெட்டுவன்."

"முழுசெண்டால் குப்பைக்குத்தான் போகும்."

"உங்களுக்கு என்னில சந்தேகமோ?"

"ஓம்."

"முகத்துக்கு நேர சொல்லுறியள்."

"பின்னால சொன்னா உங்களுக்குக் கேக்காதெல்லோ."

மனுசன் பல்லுப் போன வாய்களையே பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனார். ஓரங்களை உரஞ்சி உரஞ்சித் தோள்மூட்டு நோகிறது என்று ஜெசிந்தாவிடம் முறைப்பாடு சொல்லி அனுப்புவார். முழுசாகக் கேட்டது வடிவுக்காகவா, வேறு எதற்குமா என்று நானும் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

பிறகுதான் பிரச்சினை. ஒரு பிறந்தநாள் விழாவில் வாய்ருசி தெரிந்த யாரோ ஒருவர் குடித்துப் பார்த்துவிட்டு அரசாங்கத்துக்கு அறிவித்துவிட்டார். ஒரு பிரெஞ்சுக்காரப் பெண் அதிகாரி வந்தாள். சிரித்த முகம். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. பாரில் திறந்திருந்த தோள் அகன்ற போத்தல்களை எடுத்துக்கொண்டு போனாள். சில கிழமைக்குப் பிறகு முடிவு வந்தது. பெயர் விலை கூடிய பெயர், உள்ளே இருந்தது மலிவு விஸ்கி. மண்டபங்களுக்கு விற்கிற போத்தல்களில் ஒரு அரசாங்க ஒட்டு இருக்கும், உங்களுக்குத் தெரியும். அது எங்கள் மண்டபத்து ஒட்டுத்தான், ஆகவே எங்கள் வெறும் போத்தலில்தான் யாரோ ஊற்றியிருக்கிறார்கள்.

முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "இருங்கோ அக்கா" என்று கதிரையைக் காட்டினார். இத்தனை காலத்தில் அந்த அறையில் என்னை இருக்கச் சொன்னது அதுதான் முதல்தரம்.

"ஜெசிந்தா போத்தல் கொண்டு போறது உங்களுக்குத் தெரியும்தானே."

"வெறும் போத்தல் தம்பி. நீங்களும் ஓம் எண்டனீங்கள்."

"வெறும் போத்தல்தான் போகுது. ஆனா நிரம்பித் திரும்பி வருது. அந்தக் கோயில்காரன் மலிவுச் சாமானை விட்டுக் குடுக்கிறான், அவ கொண்டு வந்து பாருக்குள்ள வைக்கிறா, நல்லதை அங்கால கொண்டு போறா. வேற எப்பிடி என்ர பாருக்குள்ள கள்ளச் சரக்கு வரும்?"

நான் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினேன்.

"நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லேல்லை அக்கா. அவ போத்தல் கொண்டு போனதைக் கண்டதெண்டு மட்டும் சொல்லுங்கோ. உண்மைதானே? அதுக்கு மேல ஒண்டும் வேண்டாம். பிரெஞ்சில நான் சொல்லுறன்."

"அவளுக்கு விசாரணை வருது தம்பி. இப்ப களவுக் கேஸ் ஒண்டு விழுந்தா அவளைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

"எனக்கு மண்டபம் இருக்கு. மண்டபம் பூட்டினா உங்கள் எல்லாருக்கும் வேலை இல்லை. யோசியுங்கோ."

யோசித்தேன். வீட்டுக்கு வந்தும் யோசித்தேன். பொய் சொல்லச் சொல்லியிருந்தால் மாட்டேன் என்று எழும்பியிருப்பேன், அது சுகம். அவர் கேட்டது உண்மையில் பாதி. பாதி உண்மையை எப்படி மாட்டேன் என்பது? உங்களுக்கும் இந்த வேலையில் ஒருநாள் இப்படி ஒருவர் வந்து கேட்பார். அன்றைக்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று பாருங்கள்.

ஆனால் என் குணம் தெரியும்தானே. முதலாளி சொன்ன கதை எனக்குள்ளும் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அந்தோனி முழுசாகக் கேட்டாரே. நான் லீவில் நின்ற நாட்களில் ஜெசிந்தா என்ன கொடுத்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நம்பிப் பேசப்போய் நானும் மாட்டிக்கொண்டால்? ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு ரொக்ஸ்பரோவுக்கு பஸ் ஏறினேன். பஸ்ஸில் வைத்தே கேட்டேன்.

"என்ர முகத்தைப் பாத்துச் சொல்லு. கழுத்து உடையாமல் அவருக்கு ஏதும் குடுத்தனியோ?"

"உங்களுக்கே சந்தேகம் வந்தா எனக்கு ஆர் அக்கா இருக்கினம்?"

"அது பதில் இல்லை."

"இல்லை. அவருக்கு ஒண்டும் முழுசாக் குடுக்கேல்லை."

அவருக்கு என்றாளே, அந்தச் சொல் எனக்குக் குத்தியது.

அந்தோனி அண்ணையின் கராஜில் விளக்குகள் பலகையில் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் நான் உடைத்தவைதான், என் கோணல் எனக்குத் தெரியாதா. ஆனால் ஒன்றிலும் முன்னால் ஒட்டியிருந்த பெயர்த்தாள் இல்லை, அதை வேறு போத்தலில் ஒட்டலாம். பெயர்த்தாளைக் கழற்றி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன், சும்மா கேட்கிற மாதிரி. அவர் வாய் திறக்க முன்னம் உள்ளேயிருந்து அவருடைய மனுசி வந்தா.

"மாதாவுக்கு முன்னால விஸ்கிப் பேரோ எண்டு பங்குச் சுவாமி ஏசிப்போட்டார். இவர் எல்லாத்தையும் என்ர சிங்க்கில ஊறப் போட்டு, கடதாசி கரைஞ்சு குழாய் அடைச்சு, பிளம்பர் வந்திட்டுப் போனவர். வந்து பாருங்கோ, இன்னும் தண்ணி இறங்காது."

போய்ப் பார்த்தேன். இறங்கவில்லை. அந்தோனி அண்ணை எனக்கு ஒரு விளக்கைத் தந்துவிட்டு, "இப்ப சந்தேகம் தீந்ததோ அக்கா?" என்றார். "உங்களில தீந்தது" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜெசிந்தா வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"அக்கா, நீங்க பல்லுப் பிடுங்கப் போன அண்டைக்கு ஒண்டு முழுசா எடுத்தனான்."

"ஆருக்கு?"

"எனக்கு."

"என்னத்துக்கு?"

"நல்லெண்ணெய் விட."

அவளுடைய அறைக்குப் போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் நின்றது. தோள் அகன்ற போத்தல், பெயர் அப்படியே, அரசாங்க ஒட்டு அப்படியே, வாய் வரைக்கும் நல்லெண்ணெய். என்ன செய்வது பிள்ளைகள், எங்கள் ஆட்களின் கை அப்படி. வடிவான வெறும் போத்தலைக் கண்டால் வீட்டில் எந்தச் சாமான் அதற்குச் சரிவரும் என்றுதான் முதலில் யோசிப்போம். எனக்கே அந்த யோசனை வந்துதானே பிரெஞ்சுக்காரரிடம் கேட்டேன்.

"உடைச்சுப்போடுவம் அக்கா" என்றாள். "ஆருக்குத் தெரியப்போகுது."

என் கையும் துருதுருத்தது. ஒரு தட்டு, முடிந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். அதிகாரி கேட்டால் இவள் முழிப்பாள். இவள் முகத்தில் ஒன்றும் நிற்காது. முதலாளி அன்றைக்குக் கண்டிருந்தால் இந்தப் போத்தலைப் பற்றி அவரே சொல்லிவிடுவார், அதோடு நாங்கள் சொல்கிற எல்லாம் பொய்யாகிவிடும். அதைவிட, கழுத்து உடைத்த கதையை மட்டும் சொல்லி இதை மறைத்தால், முதலாளி என்னிடம் கேட்டதைத்தான் நானும் செய்கிறேன், பாதியை மட்டும் மாற்றி.

"உடைக்கிறேல்லை" என்றேன். "உதைக் கொண்டு வாறம்."

"உங்களுக்கு விசரே அக்கா? என்ர கழுத்துக்கு நானே கயிறு கொண்டு போறதோ?"

"எண்ணெய் சிந்தாமல் மூடியை இறுக்கு."

அவள் அழுதாள். நான் சரியாகத்தான் செய்கிறேன் என்று எனக்கு நிச்சயமில்லை. அது நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இப்படியான நேரங்களில் குறைவு, அப்படித் தெரியும் என்று சொல்கிறவர்களிலும் எனக்குச் சந்தேகம்.

மண்டபத்தில் கதிரைகளை அடுக்கியிருந்த ஒரு மத்தியானம். அதிகாரி, முதலாளி, நான், ஜெசிந்தா. முதலாளி எனக்குப் பக்கத்தில் வந்து இருந்துகொண்டார், மொழிபெயர்க்க.

"ஜெசிந்தா போத்தல் கொண்டு போனதைக் கண்டனியளோ எண்டு கேக்கிறா. ஓம் எண்டு சொல்லுங்கோ."

"ஓம்" என்றேன்.

அவர் பிரெஞ்சில் சொல்லிவிட்டு எழும்பப் பார்த்தார்.

"இருங்கோ தம்பி. இன்னும் முடியேல்லை. கழுத்தை உடைச்சுத்தான் குடுத்தனான் எண்டும் சொல்லுங்கோ."

அவர் ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். அதில் கழுத்துக்கான சொல் வரவில்லை. எனக்கு பிரெஞ்சு தெரியாதுதான், ஆனால் அந்த ஒரு சொல்லை எனக்கு அந்த வயதான மனுசன் கையில் பிடித்துக் காட்டித் தந்திருந்தார். நானே அதிகாரியைப் பார்த்தேன். "முவா, காசே. லெ கூ" என்றேன். நான் உடைத்தேன், கழுத்தை. விளங்கவேண்டுமே என்று என் கழுத்தில் கையால் ஒரு வெட்டு வெட்டிக் காட்டினேன். அந்தப் பெண் திடுக்கிட்டுப் பின்னுக்குச் சாய்ந்துவிட்டாள்.

"அவவுக்கு மொழி வராது, குழப்புறா" என்று முதலாளி சொன்னது எனக்கு விளங்கியது. அதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

நான் பையிலிருந்து விளக்கை எடுத்து மேசையில் வைத்தேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். இதற்குள் விஸ்கி ஊற்றி மூடி போட யாராலும் முடியாது என்பதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பிறகு ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் தன் பையை நெஞ்சோடு பிடித்திருந்தாள். "எடு பிள்ளை" என்றேன்.

நல்லெண்ணெய்ப் போத்தல் மேசைக்கு வந்ததும் முதலாளியின் முகம் தெளிந்தது. "இந்தா, முழுப் போத்தல். நான் சொன்னனான்தானே" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார், சந்தோசத்தில்.

அதிகாரி மூடியைத் திறந்தாள். மணந்தாள். புருவத்தை நெரித்தாள். ஒரு துளியை விரலில் விட்டு உரசிப் பார்த்தாள். இது என்ன என்று கேட்டாள். ஜெசிந்தா அழுதுகொண்டே கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டாள். கடைசியில், "பூர் தோசை" என்றாள். தோசைக்கு.

"தோசை" என்று அதிகாரி திருப்பிச் சொன்னாள். எங்களைப்போலவே சொன்னாள். எங்கேயோ நன்றாகச் சாப்பிட்டிருக்கிறாள்.

அவள் எழுந்து மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். பாருக்குப் பின்னால் உயரத் தட்டில் கண் நின்றது. அதை யார் துப்புரவாக்குவது என்று சைகையோடு என்னிடமே நேராகக் கேட்டாள். எனக்கு ஒன்றும் சேர்க்கவும் விருப்பமில்லை, குறைக்கவும் விருப்பமில்லை. "முவா, நோ துஷே. பத்ரோன்" என்றேன். நான் தொடுவதில்லை, முதலாளி சொன்னது.

அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதிரையில் ஏறினாள். அந்த இடத்தில்தான் எனக்கு அவளைக் கொஞ்சம் பிடிக்கத் தொடங்கியது. தட்டில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். கோடு விழுந்தது, அவ்வளவு தூசு. ஒரு போத்தலை எடுத்தாள். கண்ணாடி போலத் துலங்கியது. அடுத்ததும் அப்படி. எல்லாவற்றிலும் கழுத்து முழுசு, ஒட்டு முழுசு. தட்டில் தூசு இருக்க, போத்தலில் தூசு இல்லையென்றால் அது சும்மா ஷோவுக்கு நிற்கிற போத்தல் இல்லை, அடிக்கடி இறங்கி, நிரம்பி, வெறுமையாகித் திரும்ப ஏறுகிற போத்தல். முதலாளி நெற்றியைத் துடைத்தார்.

கீழே இறங்கி வந்தவள் ஜெசிந்தாவிடம் மெதுமெதுவாகச் சொன்னாள், எங்களுக்கு விளங்கட்டும் என்று. ஊற்றினது யார், தெரிந்துகொண்டு விற்றது யார், சட்டம் அதைத்தான் கேட்கும். விளக்கையும் எண்ணெயையும் கேட்காது. பிறகு நகத்தால் அந்த அரசாங்க ஒட்டைச் சுரண்டி எடுத்தாள், முன்னாலிருந்த பெயர்த்தாளையும் கிழித்து எடுத்தாள், எண்ணெயைச் சிந்தாமல் மூடிப் போத்தலை அவளிடமே திருப்பிக் கொடுத்தாள். போத்தலை வைத்துக்கொள், பெயரை மட்டும் எடுக்கிறேன் என்கிற மாதிரி. அந்த வயதான மனுசன் சொன்ன சட்டம் முழுவதும் எனக்கு அந்த நகத்தில் தெரிந்தது.

மண்டபத்தின் அனுமதியைப் பறித்தார்கள். கலியாணங்கள் வேறிடம் போயின, கதவு பூட்டியது. முதலாளி சொன்னது அதில் உண்மை, எங்கள் எல்லாருக்கும் வேலை போனது. எனக்குப் பரவாயில்லை, முழங்கால் ஏற்கெனவே போகச் சொல்லிக்கொண்டிருந்தது. சமையலில் நின்ற கமலாவுக்கு அப்படியில்லை. அவளுக்குக் கனகாலம் வேறு வேலை கிடைக்கவில்லை. இன்றைக்கும் தமிழ்க் கடையில் என்னைக் கண்டால் கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள், நிமிரமாட்டாள். அவள் கோபத்தில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. நான் பாதி சொல்லியிருந்தால் அவள் வேலை இருந்திருக்கும்.

பனி கரைகிற காலத்தில் ஜெசிந்தாவின் விசாரணை நடந்தது. வேலை ஏன் விட்டாய் என்று கேட்டார்களாம். நடந்ததை நடந்தபடி சொன்னாளாம், எண்ணெய் உட்பட. பிறகு ஒருநாள் இந்தக் கதவில் வந்து நின்றாள், போனில் வந்த கடிதத்தை என் பக்கம் நீட்டிக்கொண்டு. அவளுடைய மகள்தான், "அன்ரி, அம்மாவை ஏற்றுக்கொண்டிட்டினம்" என்றாள். நான் நம்பவில்லை. என் பேத்தியைக் கூப்பிட்டு பிரெஞ்சில் ஒருதரம் வாசிக்கச் சொன்னேன், இங்கிலிஷில் ஒருதரம் வாசிக்கச் சொன்னேன். இரண்டும் ஒரே கதையைச் சொன்ன பிறகுதான் அவளைக் கட்டிப்பிடித்தேன். அவள் அழுதுகொண்டே, "இப்பவாவது நம்பினியளே அக்கா" என்றாள். "உன்னில நம்பிக்கை வந்து கனகாலம், கடிதத்திலதான் சந்தேகம்" என்றேன்.

கமலாவையும் ஜெசிந்தாவையும் நான் ஒரே நாளில் கண்டால், ஒருத்தியைப் பார்த்துச் சிரிக்கிற அதே முகத்தோடுதான் மற்றவளுக்கு முன்னாலும் நிற்கிறேன். அது லேசில்லை. ஆனால் நின்றுகொள்ளலாம். பாதி சொல்லியிருந்தால் ஜெசிந்தாவை ஏற்றிக்கொண்டு போகிற விமானத்தை எந்த முகத்தோடு பார்த்திருப்பேன்?

றஞ்சி, அந்தக் கூடையை எடு. கீழே உடுப்புத் தோய்க்கிற மெசின் எப்போதோ நின்றிருக்கும். இன்னும் கொஞ்சம் பிந்தினால் அந்த மூன்றாம் மாடிக்காரன் என் ஈரச் சேலையை அள்ளி மேலே போட்டுவிட்டுத் தன்னுடையதைத் திணித்துவிடுவான். கதவைச் சாத்தாதே, திறப்பு உள்ளே கிடக்கிறது.